ஐம்பதில் ஐந்து: சுற்றுச்சூழல் பாடமும் சென்னையின் ஆமை நடையும்

இந்தியாவில் எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் சுற்றுச்சூழல் கல்வி என்றொரு தாளை எழுதித்தான் ஆக வேண்டும். பி.காம். படிப்பவருக்கும் உண்டு, கணினி படிப்பவருக்கும் உண்டு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இதன் வேர் இருக்கிறது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளங்கலை மாணவர்களுக்கென்று ஒரு பொதுப் பாடத்திட்டத்தை வகுத்தது. எட்டு அலகுகள், 50 வகுப்புகள். முதல் ஏழு அலகுகளுக்கு 45 வகுப்புகள், எல்லாம் அறைக்குள். எட்டாவது அலகு களப்பணி. அதற்கு 5 மணி நேரம்.

அந்த எட்டாவது அலகைப் படித்துப் பார்த்தால் அதை எழுதியவர்கள் மேல் மரியாதை வருகிறது. பக்கத்தில் இருக்கும் ஆற்றையோ காட்டையோ குன்றையோ போய்ப் பார்த்து எழுது என்கிறது. மாசுபட்ட ஓர் இடத்துக்குப் போ என்கிறது. சுற்றியிருக்கும் செடி, பூச்சி, பறவைகளைத் தெரிந்துகொள், ஒரு குளத்தையோ மலைச்சரிவையோ ஊன்றிக் கவனி என்கிறது. மொத்த மதிப்பெண் 100இல் 25 இதற்கே. ஆனால் நான் படிக்கும் கல்லூரியில் அந்த 5 மணி நேரமும் ரெக்கார்டு நோட்டுக்குள்தான் நடந்தது. இணையத்தில் கிடைத்த படங்களை அச்செடுத்து ஒட்டினோம். கீழே நான்கு வரி எழுதினோம். கையெழுத்து வாங்கினோம். ஆசிரியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எழுபது பேருக்கு அவர் ஒருவர். பேருந்துக்கு அனுமதி, பெற்றோர் சம்மதக் கடிதம், தேதி தவறாமல் ஏற்ற வேண்டிய அக மதிப்பெண் என்று எல்லாம் அவர் தலையில்தான் விழும்.

அதே ஆண்டுதான் ஆமை நடைக்கு, அதாவது முட்டையிட வரும் கடலாமைகளின் கூடுகளைத் தேடி இரவில் கடற்கரையில் நடப்பதற்கு, போக ஆரம்பித்தேன். களக் கல்வி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். வெளியே கூட்டிக்கொண்டு போனால் மட்டும் போதாது. அங்கே மாணவர் கையால் ஒரு வேலை நடக்க வேண்டும். அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் உண்மையாகவே ஏதோ ஒன்று கெட்டுப்போகும் என்ற நிலை இருக்க வேண்டும். சுற்றுலாவையும் களக் கல்வியையும் பிரிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். சென்னைக் கடற்கரையில் இந்த இரண்டும் தானாகவே அமைந்துவிட்டன. எப்படி அமைந்தன என்பதைப் பார்ப்போம்.

ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை, மீனவர்கள் வாயில் பங்குனி ஆமை, ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கரையில் ஏறி முட்டையிடுகிறது. ஒடிசாவின் கஹிர்மாதா, ருசிகுல்யா கரைகளில் நடப்பதுபோல் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் வருவதில்லை. இங்கே தனித்தனியாக, இரவில், பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் வந்து போகிறது. 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் இந்தக் கரையில் இரவு நடக்க ஆரம்பித்தார்கள். அன்று முட்டைகளை நாய்களும் தோண்டின, விற்பதற்காக மனிதர்களும் தோண்டினார்கள். அந்தக் குழுவில் இருந்த சதீஷ் பாஸ்கர் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர். பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தியக் கரைகளில் ஆமைகளைத் தேடி நடப்பதிலேயே செலவிட்டார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் மாதக்கணக்கில் தனியாகத் தங்கிப் பச்சை ஆமைகளைப் பதிவு செய்தார். இந்தியக் கடலாமைகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர் கால்கள் நடந்து சேர்த்தது.

பின்னர் 1980களின் இறுதியில் சென்னையின் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அன்றைய மாணவர்களுக்கு இன்று நடுவயது ஆகிவிட்டது. நடை மட்டும் நிற்கவில்லை. நீலாங்கரையில் தொடங்கி பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் வரை சுமார் 7 கி.மீ., நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடிவதற்குள் முடியும். டார்ச் அடிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. ஈர மணலின் விளிம்பை ஒட்டியே நடக்க வேண்டும், ஏனென்றால் தேடுவது ஆமையைக் காட்டிலும் அதன் தடத்தைத்தான்.

தடத்தைப் படிப்பதுதான் முதல் பாடம். பங்குனி ஆமை துடுப்புகளை ஒன்று மாற்றி ஒன்று வீசி ஏறும், அதனால் இரண்டு பக்கத்துப் பதிவுகளும் எதிரெதிரே வராமல் மாறி மாறி விழும். ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று இருக்கும். இரண்டும் சேருமிடத்தில் மணல் கலைந்து கிடந்தால் கூடு இருக்கலாம். கலையாமல் இருந்தால், ஏறி வந்த ஆமை எதற்கோ மிரண்டு முட்டையிடாமல் திரும்பியிருக்கிறது. நிலா இல்லாத இரவில் முதலில் எதுவுமே தெரியாது. கொஞ்ச நேரம் போனதும் கண் பழகிவிடும், அலையின் நுரைக்கோடும் நண்டின் கீறலும் மாட்டு வண்டித் தடமும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும். எந்தப் பாடப் புத்தகமும் இந்தக் கண்ணைத் தராது. கூட நடப்பவர் 'இதோ பாரு' என்று காட்டக் காட்டத்தான் வரும்.

கலைந்த மணலில் எங்கே கூடு? மூத்த தன்னார்வலர் ஒருவர் குச்சியை மெல்ல இறக்கிப் பார்ப்பார். ஆமை முட்டையிட்டு மூடிய இடத்தில் மணல் இளகியிருக்கும், குச்சி சட்டென்று உள்ளே போகும். முட்டையைக் குத்திவிடாமல் அந்த இளக்கத்தை மட்டும் உணர்ந்து நிறுத்த வேண்டும் என்பதால் புதியவர்கள் கையில் குச்சியைத் தர மாட்டார்கள். அப்புறம் கையாலேயே தோண்ட வேண்டும். முழங்கையைத் தாண்டிக் கை போன பிறகு விரல் நுனியில் முதல் முட்டை தட்டுப்படும். வழுவழுவென்று, லேசாக அழுந்தும் தோலோடு இருக்கும். ஒரு கூட்டில் சுமார் 100 முதல் 120 முட்டைகள்.

இந்த இடத்தில்தான் வகுப்பில் படித்த கருவியல் கைக்கு வந்து சேர்கிறது. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் உட்புறச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். ஆகவே சீக்கிரமும் எடுக்க வேண்டும், புரட்டாமலும் எடுக்க வேண்டும். இதைத் தேர்வில் ஒரு வரியில் எழுதிவிடலாம். கையில் நூறு முட்டை இருக்கும்போது அந்த ஒரு வரிக்கு வேறு கனம். அவசரமும் நிதானமும் ஒரே கையில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் கைபேசியை எடுத்து நான் பார்த்ததில்லை.

முட்டைகளைத் துணிப்பையில் வைத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். எடுத்த கூட்டின் ஆழமும் அகலமும் அளந்து வைத்திருப்பார்கள். அதே அளவில், கழுத்து குறுகி அடி விரிந்த அதே வடிவில் புதுக் குழி தோண்டி முட்டைகளை வைத்து மூடுவார்கள். தேதி, எண்ணிக்கை, எடுத்த இடம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். மணல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும். சுமார் 29, 30 டிகிரி செல்சியஸ் என்பது நடுக்கோடு, அதற்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். பொரிப்பகத்தின் மேலே கீற்றுக் கூரை போட்டு வெயிலைத் தடுக்கும் வேலைக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. புவி வெப்பமாதல் என்ற அலகை நான் ஏற்கெனவே படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஒரு கூட்டின் சூடு அரை டிகிரி ஏறினால் ஓர் இனத்தின் ஆண் பெண் விகிதமே மாறும் என்பது மணலில் கை வைத்தபோதுதான் மனதில் பதிந்தது.

இதெல்லாம் ஏன் பதிகிறது? கல்வி ஆய்வாளர் டேவிட் கோல்ப் 1984இல் முன்வைத்த அனுபவக் கற்றல் சுழற்சியில் நான்கு படிகள் உண்டு. செய்வது, செய்ததை எண்ணிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு கருத்தை உருவாக்குவது, அந்தக் கருத்தை மறுபடி செய்து சோதிப்பது. ஒருநாள் சுற்றுலாவில் முதல் படியோடு கதை முடிந்துவிடுகிறது. ஆமை நடையில் அடுத்த வாரமும் அதே கரை, அதே வேலை. போன முறை பார்த்த தடத்தை வைத்து இந்த முறை தடத்தை ஊகிக்கலாம், ஊகம் தப்பினால் குச்சி உடனே சொல்லிவிடும். மணல் யாருக்காகவும் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடாது. கூடே கிடைக்காமல் விடியும் இரவுகளும் உண்டு. அந்த இரவுகளையும் நான் கல்வியின் பகுதியாகவே பார்க்கிறேன். ஆமை இல்லை என்பதும் குறிப்பேட்டில் ஏற வேண்டிய தகவல். இல்லாததைப் பதிவு செய்யாவிட்டால் ஒரு பருவத்தையும் இன்னொரு பருவத்தையும் ஒப்பிடவே முடியாது. ரெக்கார்டு நோட்டில் 'ஒன்றும் பார்க்கவில்லை' என்று எழுதினால் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

1977இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் திபிலிசியில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு சுற்றுச்சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது. விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. நம் பாடத்திட்டங்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன, ஏனென்றால் வினாத்தாளால் அளக்க முடிவது அந்த இரண்டைத்தான். மீதி மூன்றும் கடற்கரையில் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. தடம் படிப்பது திறன், முட்டையைப் புரட்டாமல் தூக்குவது பங்கேற்பு. மனப்பான்மை எப்போது மாறுகிறது என்று சொல்ல முடியாது, ஆனால் மாறுகிறது.

கடற்கரையில் நடந்தால் செத்த ஆமைகளையும் பார்க்க வேண்டியிருக்கும். 2025 ஜனவரியில் சென்னையிலும் பக்கத்து மாவட்டங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். ஓட்டின் நீளம், ஆணா பெண்ணா (ஆணின் வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருக்கும்), காயம் உண்டா, எந்த இடம். நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து அளக்கும்போது துக்கத்தைவிடக் கேள்விதான் முதலில் வருகிறது. எப்படிச் செத்தது? ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடிக்குள் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். அந்த ஆண்டு செய்த பிரேதப் பரிசோதனைகளும் அதையே காட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

பாடப் புத்தகத்தில் இந்தச் சாவுக்குப் பெயர் 'மனித நடவடிக்கைகள்'. அந்த இரண்டு சொற்களை நான் பல விடைத்தாள்களில் எழுதியிருக்கிறேன். கரையில் நின்றால் அது எவ்வளவு மழுப்பலான சொல் என்று தெரிகிறது. எந்த மனிதர்? தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இன்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை மடி போடக் கூடாது. ஆமைகள் இனப்பெருக்கத்துக்காகக் கூடுவதும் கரையை ஒட்டிய அதே நீரில்தான். வலையில் ஆமை வெளியேற வழிவிடும் கருவியைப் பொருத்தலாம், ஆனால் அந்த வழியில் மீனும் இறாலும் போய்விடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். டீசல் விலை, கடன், தடைக்காலம் எல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கிறது. சின்ன வள்ளத்தில் போகும் குப்பத்து மீனவருக்கும் இந்தச் சாவுக்கும் பெரிதாகத் தொடர்பில்லை. விசைப்படகு உள்ளே வந்து அரித்துக்கொண்டு போவதில் அவரும்தான் இழக்கிறார். மனிதர் என்று மொத்தமாகச் சொல்லும்போது இந்த வித்தியாசமெல்லாம் அழிந்து, பழி கடைசியில் கரையில் கண்ணுக்குத் தெரிகிற ஏழை மீனவர்மேல் விழுகிறது.

அந்த மீனவர்களும் எங்கள் ஆசிரியர்களே. விடியற்காலையில் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவர் "என்ன பாப்பா, ஆமை கெடச்சுதா?" என்று கேட்பார். "இல்லண்ணா" என்றால், "நேத்து ராத்திரி அந்தப் பக்கம் ஏறியிருக்கு, போய்ப் பாரு" என்று கை காட்டுவார். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைத் திசை பிரித்துச் சொல்லி, எந்தக் காற்றுக்கு நீரோட்டம் எப்படித் திரும்பும் என்று அவர்கள் பேசுவது கடலியல் பாடம்தான். எட்டாவது அலகின் எந்த மூலையிலும் இவர்களுக்கு இடம் இல்லை என்பதுதான் அந்த நல்ல பாடத்திட்டத்தில் நான் காணும் பெரிய குறை. இடத்தைப் போய்ப் பார் என்கிறது, அங்கே இருப்பவரிடம் கேள் என்று சொல்லவில்லை.

அகநானூற்றின் 160ஆம் பாடலில் ஓர் ஆமை வருகிறது. அடும்பங்கொடி சிதைய மணல்மேட்டில் ஏறி, மறைவாக முட்டையிட்டுப் புதைத்துவிட்டுப் போகிறது. முட்டை தந்தத்தில் கடைந்த வட்டுப்போல் இருக்கிறது, புலால் நாறுகிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் காக்கிறது என்றும் சொல்கிறார் குமுழிஞாழலார் நப்பசலையார். கடலாமைகளில் ஆண் கரையேறிக் காவல் காப்பதில்லை. ஆனால் கொடி சிதைவதும் முட்டை நாறுவதும் கிட்டப் போய்ப் பார்த்தவர் சொல்லக்கூடிய விவரங்கள். அடும்பு இன்றும் சென்னைக் கரையில் கட்டடங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் மணல்மேடுகளில் படர்கிறது. இலக்கிய வகுப்பில் நெய்தல் நடத்தும்போது மாணவர்களை அந்தக் கொடியின் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தால் என்ன? சுற்றுச்சூழல் தாள் மட்டும்தான் வெளியே போக வேண்டும் என்று யார் விதித்தது?

களம் விடைகளை மட்டும் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைப்பது சரிதானா? இயற்கையான கூட்டிலேயே விட்டுக் காவல் காப்பதுதான் மேல் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் சென்னைக் கரையில் விளக்குகள் இரவைப் பகலாக்கி வைத்திருக்கின்றன. குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊரும். விளக்கில்லாத காலத்தில் அது கடலாக இருந்தது, இப்போது சாலையாகிவிட்டது. சாலைக்குப் போன குஞ்சு நாய்க்கோ காக்கைக்கோ வண்டிச் சக்கரத்துக்கோ இரை. பொரிப்பகம் ஊர் செய்த தவறுக்கு ஒட்டுப்போடும் ஏற்பாடுதான், அதைத் தினமும் செய்பவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். பிப்ரவரி முதல் மே வரை கரையோர விளக்குகளை இரவில் அணைத்துவைத்தால் ஒட்டுப்போடும் வேலை பாதியாகக் குறையும். இந்த வாதத்தை இருட்டில் கால் நனைய நடந்துகொண்டே இரு பக்கமும் கேட்டேன். ஐந்து மதிப்பெண் வினாவாக வந்திருந்தால் 'பொரிப்பகத்தின் நன்மைகள்' என்று வரிசைப்படுத்தி எழுதி முடித்திருப்பேன்.

எல்லோராலும் ஆமை நடைக்குப் போக முடியாது என்பதும் உண்மை. இரவு முழுக்க வெளியே இருக்கப் பல வீடுகளில் பெண்களை விடுவதில்லை. பகுதி நேர வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவருக்கு இரவு என்பது தூங்க மட்டுமே கிடைத்த நேரம். கடற்கரை இல்லாத ஊர்தான் தமிழ்நாட்டில் அதிகம். ஆனால் களம் என்பதற்குக் கடல் வேண்டியதில்லை. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலில் நின்று கால் மணி நேரம் கண்ணில் பட்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் போதும், அது ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தரவாகிவிடும். பள்ளி வளாகத்தில் ஒரு புங்க மரத்தை எடுத்துக்கொண்டு எப்போது தளிர், எப்போது பூ, எப்போது காய் என்று வாரம் ஒருமுறை குறிக்கலாம். சில ஆண்டுகள் சேர்ந்தால் வெயில் முன்கூட்டி வருவதை அந்த ஒரு மரமே காட்டும். ஊர் ஏரியில் மதகு திறக்கும் நாளையும் நீர்மட்டத்தையும் எழுதி வைப்பதும் அப்படித்தான். இவற்றிலெல்லாம் நான் முன்னே சொன்ன இரண்டும் இருக்கின்றன: கையால் ஒரு வேலை, அது நடக்காவிட்டால் ஓர் இழப்பு. இன்று எண்ணாத பறவையை நாளைக்கு எண்ண முடியாது.

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப்பை இல்லாத நாட்கள் வேண்டும் என்கிறது. 2001இலேயே தேசியப் பசுமைப் படை என்ற பெயரில் பள்ளிகளில் மன்றங்கள் தொடங்கப்பட்டன. திட்டத்துக்குக் குறைவில்லை. பத்து நாளும் தொடர்ந்து ஒரே இடத்துக்கா, பத்து வெவ்வேறு இடங்களுக்கா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பத்து இடங்கள் என்றால் பத்துப் புகைப்படங்கள் கிடைக்கும். ஒரே குளத்துக்குப் பத்து முறை போனால் ஐந்தாவது முறையிலேயே மாணவர்கள் ஆசிரியரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கல்லூரிகளில் அந்த 5 மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? ஒரே நாளில் தீர்த்துவிடாமல் பருவம் முழுக்க ஒரு மணி நேரமாகப் பிரித்து, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரே இடத்துக்கு ஐந்து முறை போகலாம். பேருந்து வேண்டாம். எழுபது பேரையும் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, முந்தைய ஆண்டு போன மாணவர்களையே குழுவுக்கு ஒருவராக வழிகாட்ட வைக்கலாம். ஆமை நடை இத்தனை ஆண்டுகளாக ஓடுவது இந்த முறையில்தான். மதிப்பெண்ணை அழகான ரெக்கார்டுக்குத் தராமல், மண்ணும் வியர்வையும் பட்ட முதல் குறிப்பேட்டுக்குத் தரலாம். 'இன்று ஒன்றும் பார்க்கவில்லை' என்ற பக்கத்துக்கும் சேர்த்துத்தான். சென்னையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இரட்டைப்படைப் பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது, ஆமைகள் வருவதும் அப்போதுதான். சுற்றுச்சூழல் தாளை அந்தப் பருவத்தில் வைக்கக் கல்விக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும். இரவு நடைக்கு வர முடியாதவர்கள்கூட மாலை ஐந்தரை மணிக்குக் குஞ்சுகளைக் கடலில் விடும் வேலைக்கு வந்து, எத்தனை பொரிந்தன, எத்தனை பொரியவில்லை என்று எண்ணி எழுதிவிட்டுப் போகலாம்.